பளபளக்கிற டயலும் தேய்ந்த கிரவுனும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கைக்கடிகாரம் சேர்ப்பவர்களுக்கு யோசனை சொல்லி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் பற்றி எழுதுகிறோம். சாவி கொடுக்கிற வாட்ச்சுக்கு ஒரு நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம். ஆனால் ஒரே மாடலில் இரண்டு கிடைத்தால் பளிச்சென்று இருப்பதை வாங்க வேண்டும் என்றும், மங்கிப்போனது கையில் இருந்தால் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொள்ளலாம் என்றும் அதில் சொல்லியிருப்பது சரியில்லை. முதல் யோசனையால் காசு போகும். இரண்டாவதால் வாட்ச்சே போகும். எச்எம்டியை வைத்தே விளக்குகிறோம். நம் வீடுகளில் பழைய பெட்டியைத் திறந்தால் கிடைப்பது பெரும்பாலும் அதுதான். ஏமாற்று வேலையும் அதில்தான் அதிகம்.

ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் எச்எம்டி கைக்கடிகாரத் தொழிற்சாலை வந்தது 1961-ல். பிறகு ஸ்ரீநகர், தும்கூர், ராணிபாக் என்று கிளைகள் வந்தன. 1980-களின் கடைசியில் ஓசூரிலிருந்து டைட்டனின், பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்கள் வரத் தொடங்கியதும் சாவி வாட்ச்சின் மவுசு குறைந்தது. எச்எம்டி வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அந்தப் பெயரில் இன்றும் வாட்ச் விற்பனை நடக்கிறது. ஆகவே புதிதாகத் தெரிவதெல்லாம் போலி என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 1970-களிலோ 80-களிலோ செய்தது என்று சொல்லி, நேற்றுப் பெட்டி பிரித்த மாதிரி எச்எம்டியின் பைலட் மாடல் ஒன்றைக் காட்டினால்தான் சந்தேகப்படச் சொல்கிறோம்.

அந்தக் காலத்து வாட்ச் ஒன்று இன்று புதுசு போல் இருக்க மூன்று வழிதான் உண்டு. கடையில் விற்காமலே கிடந்திருக்கலாம். கல்யாணத்துக்கோ பணி ஓய்வுக்கோ வந்த பரிசு பீரோவிலேயே தூங்கியிருக்கலாம். இல்லையென்றால் யாரோ அதைப் புதுசாக்கியிருக்கிறார்கள். இணையத்தில் வரிசையாக விற்பனைக்கு நிற்பவை பெரும்பாலும் இந்த மூன்றாவது ரகம். சேகரிப்பவர்கள் இவற்றுக்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். எச்எம்டி மட்டுமல்ல, பழைய ஃபேவர் லூபா, வெஸ்ட் எண்ட், சீக்கோ 5 எல்லாம் இந்தக் குளியலில் முங்கி எழுந்து வருகின்றன.

மூன்றையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? டயலை மட்டும் முறைத்துப் பார்த்துப் பயனில்லை. ஒரு வாட்ச்சில் டயல், முள், கண்ணாடி, கேஸ் (மிஷின் உட்காரும் உலோகக் கூடு), கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு), பின்மூடி, மிஷின் என்று ஏழெட்டுச் சாட்சிகள் இருக்கின்றன. எல்லாச் சாட்சியும் ஒரே வயதைச் சொல்ல வேண்டும்.

முதலில் கிரவுனைப் பாருங்கள். சாவி வாட்ச்சுக்குத் தினமும் 25, 30 சுற்று சாவி கொடுக்க வேண்டும். பத்து வருடம் கட்டியிருந்தால் ஒரு லட்சம் சுற்றுக்கு அருகில் வந்துவிடும். கிரவுனின் பல் மழுங்கி, பூச்சு போய், அடியில் பித்தளை மஞ்சளாகத் தெரியும். கேஸும் டயலும் கண்ணாடி போல் மின்னும்போது கிரவுன் மட்டும் இப்படித் தேய்ந்திருந்தால் மின்னுவது பிறகு வந்தது. இதற்கு எதிர்மாறும் உண்டு: கேஸ் எல்லாம் கீறல், கிரவுன் மட்டும் கூர்மையாகப் புதிதாக இருக்கும். அது மாற்றிய கிரவுன். அதில் ஏமாற்று இல்லை; கிரவுன் தேய்ந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய கிரவுனின் அளவுக்கு இருக்கிறதா, கேஸோடு ஒட்டி உட்காருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

அடுத்து ஸ்ட்ராப்பைக் கழற்றுங்கள். ஸ்ட்ராப் பிடிக்கும் கொம்புகளின் உள்பக்கத்தை மினுக்குகிறவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை. வியர்வை அரித்த குழியும் பச்சைக் களிம்பும் அங்கே அப்படியே இருக்கும். ஸ்ப்ரிங் பின் உட்காரும் துளை வட்டமாக இருக்கிறதா, நீண்டு முட்டை வடிவமாகிவிட்டதா என்றும் பாருங்கள். துளை நீண்டிருந்தால் அந்த வாட்ச் நிறைய வருடம் கையில் இருந்திருக்கிறது. அதோடு, பின் நழுவி வாட்ச் தரையில் விழும் அபாயமும் இருக்கிறது.

பிறகு பின்மூடி. உள்பக்கத்தில் ஊசியால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகள் தெரியும். ஒரு தேதி, ஒரு எண், இரண்டெழுத்துக் கையொப்பம். பழுதுபார்த்தவர்கள் போட்டு வைத்த கணக்கு அது. 'விற்காத கடைச் சரக்கு' என்று சொல்லப்படும் வாட்ச்சின் மூடிக்குள் நான்கு தேதிகள் இருந்தால் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. மூடியின் வெளிப்பக்கம் பெயரோ பரிசு வாசகமோ பொறித்திருந்தால் அதைத் தேய்த்து எடுத்துவிடுவது இன்னொரு வழக்கம். தேய்த்த மூடி நடுவில் மெலிந்து, வெளிச்சத்தைச் சாய்த்துக் காட்டினால் அலை அலையாகத் தெரியும். கூடவே இருந்த எண்களும் பாதி அழிந்திருக்கும்.

இப்போது டயல். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். தொழிற்சாலை அச்சில் எழுத்து மெல்லியதாக இருந்தாலும் மை லேசாக மேடு கட்டி நிற்கும். ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். மறு அச்சில் எழுத்து தடித்து, மை ஓரத்தில் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகளை 12-லிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள். எங்கோ ஓரிடத்தில் கோடு மணிக் குறியின் நடுவுக்கு வராமல் விலகிப் போகும். டயலின் விளிம்பில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால், அச்சுக்கு வைக்கும்போது 12 எங்கே என்று தெரிவதற்காகப் போட்ட அடையாளம் அது. தேதி சன்னலின் உள்விளிம்பில் பெயின்ட் தடித்து வழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் மேல் பொது அறிவு ஒன்று இருக்கிறது. கத்தரிப்பூ நிறத்திலும் பச்சைக்கிளி நிறத்திலும் பைலட், டயல் நடுவில் ஏதோ படைப்பிரிவின் முத்திரை, 17 மாணிக்கக் கல் வைத்த மிஷினுக்கு மேல் '21 ஜுவல்ஸ்' என்ற எழுத்து, சாவி கொடுக்கிற வாட்ச்சில் 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல் — இதற்கெல்லாம் லென்ஸே வேண்டாம்.

நிஜமாகவே வயதான டயல் எப்படி இருக்கும்? வெள்ளை டயல் பாலேடு நிறத்துக்குப் போகும், ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக, நடுவில் குறைவாக. ஈரம் புகுந்திருந்தால் புள்ளி புள்ளியாகக் கறை, அதுவும் பெரும்பாலும் கிரவுன் இருக்கும் 3 மணிப் பக்கத்தில் தொடங்கும். தண்ணீருக்கு அதுதான் வாசல். வாட்ச் பல வருடம் ஓடாமல் ஒரே நேரத்தில் நின்றிருந்தால், முள் மறைத்த இடம் மட்டும் நிறம் மாறாமல் நிழல் போல் தெரியும். இப்படிப்பட்ட முதுமையைப் பெயின்ட் அடிப்பவர் யாரும் செய்துகாட்ட மாட்டார். செய்தால் விலை போகாது.

கட்டுரையின் இரண்டாவது யோசனைக்கு வருகிறோம். டயலுக்கு மறு பெயின்ட் என்றால் உண்மையில் என்ன நடக்கிறது? பழைய பெயின்ட்டையும் எழுத்தையும் தின்னரில் கரைத்து, பித்தளைத் தகட்டைத் தேய்த்து, மேலே புதுப் பூச்சு தெளித்து, அதன் மேல் அச்சடிக்கிறார்கள். நடுவிலிருந்து கதிர் விரிவது போன்ற கோட்டு வேலை இருந்தால் அது தேய்ப்பில் போய்விடும். ஒட்டிய மணிக் குறிகளைப் பிடுங்கித் திரும்ப வைக்கும்போது ஒன்றிரண்டு கோணும். டயலை மிஷினோடு பிடித்து நிறுத்த அடியில் இரண்டு மெல்லிய கால்கள் உண்டு. அவசரத்தில் அவை முறியும். முறிந்ததும் இருபக்கப் பசை டேப்பை ஒட்டி அனுப்பிவிடுவார்கள். டேப்பின் கனத்தால் டயல் மேலேறும். மணி முள் டயலில் உரசும், வினாடி முள் கண்ணாடியைத் தொடும். வாட்ச் தினமும் ஒரே நேரத்தில் நிற்கிறது என்று கொண்டுவந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். மங்கின டயலை அப்படியே விடுங்கள். தண்ணீர், ஸ்பிரிட், எச்சில் தொட்ட பஞ்சு எதுவும் படக் கூடாது. பழைய மை வார்னிஷோடு கழன்று பஞ்சிலேயே வந்துவிடும். காற்றுப் பம்பால் தூசியை ஊதினால் போதும்.

சரி, இந்தச் சோதனை எல்லாம் தாண்டி உண்மையிலேயே கட்டாத வாட்ச் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வாங்கிய உடனே முழுச் சாவி கொடுத்து ஓடவிட்டுப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. கட்டினாலும் கட்டாவிட்டாலும் எண்ணெய் காயும். நாற்பது வருடத்தில் அது பிசின் போலாகியோ ஆவியாகியோ போயிருக்கும். முடியை விடக் கொஞ்சம்தான் தடித்த எஃகு முனைகள் மாணிக்கக் கல்லுக்குள் எண்ணெய் இல்லாமல் சுழன்றால், உலர்ந்த அழுக்கே உப்புத்தாள் போல் அவற்றைத் தேய்க்கும். கட்டாத வாட்ச்சின் பெரிய சொத்து தேயாத மிஷின். அதை ஓட்டிப் பார்த்தே தேய்த்துவிடக் கூடாது. நான்கைந்து சுற்று சாவி கொடுத்து, ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்துங்கள். பிறகு சர்வீஸ்.

சர்வீஸ் என்றால் முழுக்கப் பிரித்துக் கழுவுவது. மிஷினை அப்படியே பெட்ரோலில் முக்கி எடுத்து, ஊதி, மேலே எண்ணெய் விட்டுக் கொடுப்பதும் பல ஊர்களில் சர்வீஸ் என்ற பெயரில் நடக்கிறது. இரண்டு மாதம் நன்றாக ஓடும். கல் துளைக்குள் இருந்த அழுக்கு அங்கேயே இருக்கும், கரைந்த பழைய எண்ணெய் மெல்லிய படலமாக எல்லா இடத்திலும் பரவும். பேலன்ஸ் என்ற ஆடும் சக்கரத்தோடு இருக்கும் ஹேர் ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருளின் சுற்றுகள் இரண்டு ஒட்டிக்கொண்டால் போதும், வாட்ச் ஒரு நாளில் பல நிமிடம் வேகமாகப் போகும். ஒழுங்கான வேலையில் ஒவ்வொரு பாகத்தையும் தனியாகக் கழுவி, சக்கர முனைகளுக்கு மொபியஸ் 9010 போன்ற மெல்லிய எண்ணெய், சக்கரத்தைப் பல் பல்லாகப் பிடித்து விடும் பேலட் கல்லின் முகத்துக்கு 9415, அதிக அழுத்தம் வருகிற இடங்களுக்கு எச்பி 1300 அல்லது டி5 என்று இடம் பார்த்து வைப்பார்கள். அளவு ஊசி முனையில் நிற்கிற துளிதான், கூடினால் வழிந்தோடிவிடும். பேலட் கற்கள் முள்கரண்டி போன்ற ஒரு பாகத்தில் அரக்கால் ஒட்டியிருக்கும். அந்த முள்கரண்டியை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டால் அரக்கு கரைந்து கல் கழன்று வரும். வீட்டிலேயே பிரித்துப் பழகுகிறவர்கள் பலருக்கும் இது கல் கையோடு வந்த பிறகுதான் தெரிகிறது.

வேலை சரியாக நடந்ததா என்பதை, டிக் டிக் ஒலியைக் கேட்டு ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் என்ற கருவி சொல்லிவிடும். பழைய சாவி மிஷின்கள் பெரும்பாலும் மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது வினாடிக்கு ஐந்து. முழுச் சாவியில் டயலை மேலே வைத்துப் பார்க்கும்போது பேலன்ஸின் வீச்சு 270 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் ஆரோக்கியம். 220-க்குக் கீழே போனால் எங்கோ இறுக்கம் இருக்கிறது, அல்லது சாவியின் விசையைத் தேக்கி வைக்கும் மெயின் ஸ்பிரிங் களைத்துவிட்டது. கருவியில் அந்த மிஷினுக்குரிய லிஃப்ட் கோணம் (ஒவ்வொரு துடிப்பிலும் பேலட்டோடு தொடர்பில் பேலன்ஸ் சுழலும் அளவு) போடாவிட்டால் இந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. டிக், டாக் இரண்டின் இடைவெளியிலும் உள்ள வித்தியாசமான பீட் எர்ரர் ஒரு மில்லி வினாடிக்குள் வர வேண்டும். டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் கீழே என்று மூன்று நிலையிலாவது பாருங்கள். நாளுக்கு 20, 30 வினாடி வித்தியாசம் வந்தால் இந்த வயதுக்கு அது நல்ல ஓட்டம்தான். திடீரென்று பல நிமிடம் முந்தினால் எண்ணெய்க்கு முன்னால் காந்தத்தைச் சந்தேகியுங்கள். செல்போன் உறையின் காந்தம் பக்கத்தில் இருந்திருக்கலாம். வாட்ச்சை ஒரு திசைகாட்டிக்கு அருகில் கொண்டுபோனால் முள் ஆடுவதிலேயே தெரிந்துவிடும்.

கட்டிக் கட்டித் தேய்ந்த வாட்ச்சின் பக்கம் நாங்கள் சாய்வது உணர்ச்சிவசப்பட்டு அல்ல. அதன் குறைகள் கண் முன்னே இருக்கின்றன, விலை பேசலாம், பாதிக்கு மேல் சரிசெய்யலாம் என்பதுதான் காரணம். அக்ரிலிக் கண்ணாடியில் கீறலா? கேஸைச் சுற்றி டேப் ஒட்டி, 1000, பிறகு 2000 உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ் போட்டால் கால் மணி நேரத்தில் தெளிந்துவிடும். விரிசல் என்றால் மாற்றத்தான் வேண்டும். அழுக்குக் கேஸா? மிஷினை வெளியே எடுத்த பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரும் மெல்லிய பல் துலக்கும் பிரஷும், மூலையில் அடைந்த களிம்புக்குப் பல் குத்தும் குச்சியும் போதும்.

கேஸை மினுக்குவதில் மட்டும் கை நடுங்க வேண்டும். விலை குறைந்த வாட்ச்கள் பலவற்றில் கேஸ் எவர்சில்வர் அல்ல. பித்தளை மேல் குரோம். பஃப் சக்கரத்தில் காட்டினால் முதலில் போவது குரோம்தான். மறு முலாம் போடலாமே என்பார்கள். குழியை நிரப்பாமல் போட்டால் குழியும் சேர்ந்து மின்னும். நிரப்பித் தேய்த்தால் கொம்பின் கூர்விளிம்பு சோப்புக்கட்டி போல் உருண்டுவிடும். தங்க முலாம் கேஸ்களின் பின்மூடியில் சில சமயம் '20 மைக்ரான்' என்று இருக்கும். அந்தக் கனத்தை இன்று பட்டறையில் போடும் மெல்லிய முலாம் தராது, வியர்வை பட்டால் சில மாதத்தில் மூலையில் மஞ்சள் வெளுக்கும். அசல் முலாம் கொம்பு நுனியில் தேய்ந்து பித்தளை தெரிந்தால் தெரியட்டும்.

தேய்ந்ததில் எதை வாங்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சாவித் தண்டைச் சுற்றி மிஷினில் சிவப்புத் துரு. மூடி இறுகாத கேஸ். திருகுகளின் தலைப் பள்ளம் எல்லாம் கிழிந்து கிடந்தால் பலர் கை வைத்துத் தோற்ற மிஷின் அது. தொழிற்சாலை மூடிய பிறகு உதிரி பாகம் என்பது இன்னொரு வாட்ச்சைக் கொன்று எடுப்பதுதான். ஆகவே பேலன்ஸ் உடைந்ததை மலிவாக வாங்கிச் சரிசெய்துவிடலாம் என்ற கணக்கு பெரும்பாலும் பொய்த்துவிடும்.

இருட்டில் ஒளிரும் முள் உள்ள பழைய வாட்ச் பற்றித் தனியாக ஒரு எச்சரிக்கை. 1960-கள் வரை உலகில் பல வாட்ச்களில் ரேடியம் கலந்த பூச்சும், அதன் பிறகு டிரிட்டியமும் இருந்தன. டிரிட்டியத்தின் அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள். ஆகவே 1970-களின் முள் இன்று டார்ச் அடித்த பிறகு பச்சையாகப் பிரகாசித்துக்கொண்டே இருந்தால் பூச்சு புதிது. ரேடியம் வேறு கதை. ஒளிர்வது நின்றுவிடும், கதிர்வீச்சு நிற்காது; அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். அப்படிப்பட்ட முள்ளைச் சுரண்டக் கூடாது, தூளை ஊதக் கூடாது, மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கவும் கூடாது.

இரண்டு ரகமும் ஒரே சேகரிப்பில் இருக்கலாம், இருக்கவும் வேண்டும். கட்டாத ஒன்று இருந்தால் அது அளவுகோல். முள்ளின் நீளம் எவ்வளவு, எழுத்தின் சாய்வு எப்படி, அசல் கிரவுன் எது என்று மற்றதை ஒப்பிட அது உதவும். அதைக் கட்ட வேண்டாம். தேய்ந்ததைச் சர்வீஸ் செய்து கட்டுங்கள். அளவுகோலை ரப்பர் ஸ்ட்ராப்போடும் பழைய ஸ்பாஞ்சோடும் மூடி வைக்காதீர்கள். ரப்பரிலிருந்து வரும் கந்தக வாயு வெள்ளி டயலைக் கறுக்க வைக்கும், ஸ்பாஞ்ச் வருடக் கணக்கில் பொடிந்து பிசுபிசுக்கும். நம் கடற்கரை ஊர்களின் ஈரத்துக்கு, காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் நல்லது. மூடி சரியாக மூடாத டப்பாவில் அதே ஜெல் இரண்டு வாரத்தில் சும்மா கிடக்கும் உருண்டைதான். பீரோவில் பத்திரமாகத் தூங்கும் பழைய குவார்ட்ஸ் இருந்தால் இன்றே பேட்டரியைக் கழற்றுங்கள். மேலே ஒரு கீறல்கூட இல்லாமல், உள்ளே பேட்டரி கசிந்து சுருள் அரித்துப்போன டைட்டன்கள் எத்தனையோ.

கடைசியாக, இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு. பணம் அனுப்பும் முன் ஐந்து படம் கேளுங்கள்: டயல் நேராக, கிரவுன் பக்கம் கிட்டத்தில், ஸ்ட்ராப் இல்லாமல் கொம்பின் உள்பக்கம், பின்மூடியின் உள்பக்கம், மிஷின். மூடியைத் திறக்க ஆள் இல்லை என்று பதில் வந்தால் அந்த வாட்ச்சை விட்டுவிடுங்கள். டயல் மறு அச்சு என்று வெளிப்படையாகச் சொல்லி, அதற்குத் தகுந்த விலையில் விற்கிறவர்களும் இருக்கிறார்கள். தினமும் கட்ட மட்டும் வேண்டும் என்றால் அவர்களிடம் வாங்குவதில் தப்பில்லை. டயல் பெயின்ட் பற்றிய அந்த வரிக்கு மட்டும் அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது. கட்டுரையைப் பார்த்துவிட்டுத் தாத்தா வாட்ச்சை எடுத்துக்கொண்டு பெயின்ட் கடைக்குக் கிளம்பியவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
பழைய கைக்கடிகாரங்களைப் பழுதுபார்ப்பவர்களும் சேகரிப்பவர்களும்,
திருச்சிராப்பள்ளி